உப்பு வண்டிக்கு வைத்த மோட்டார்

கொரோனா ஓய்ந்து, பஸ்களெல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த வருடம் அது. இருபது வருடம் வளைகுடாவில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் ஊரில், வெளிநாட்டில் சம்பாதிக்கப் போன சபுராளி ஒருவன் மொத்தமாகத் திரும்பிவிட்டால் முதல் மாதம் மரியாதையாக நலம் விசாரிப்பார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு உள்ளே புகுந்துகொண்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். முழுப் பொய் என்று மறுக்க மாட்டேன்.

கொட்டகையில் நான் செய்ய உட்கார்ந்தது, சாதாரண சைக்கிளில் மாட்டக்கூடிய ஒரு மோட்டார். புது பேட்டரி சைக்கிள் வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருக்கும். அதில் வெல்டிங் எதுவும் வைக்காமல் நாலு போல்ட்டில் மாட்டி, வேண்டாம் என்றால் கழற்றிவிடும்படி ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை. சக்கரத்துக்குள் மோட்டார் வைப்பது சுலபம். நான் அதை விட்டுவிட்டு, பெடல் அச்சு இருக்கிற நடுப் பகுதியில் வைத்தேன். அங்கே வைத்தால் செயினைப் பிடித்து இழுக்கும், பாரத்துக்கும் மேட்டுக்கும் திணறாது. ஒரே தொல்லை, பல்சக்கரங்கள் போடும் சத்தம்.

எனக்குச் சத்தம் ஆகாது. லிஃப்ட் வேலை அப்படிப் பழக்கியிருந்தது. லிஃப்டுக்குள் நிற்கிறவருக்கு மேலே ஒரு சின்ன உறுமல் கேட்டால் போதும், முகம் வெளிறிவிடும். ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டு, எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவேன். அங்கே என் இன்ஜினியர்கூட ஒன்றிரண்டு முறை, நீ வந்து கேட்டுச் சொல் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமா என்று மனைவி கேட்பாள்.

முதலில் செய்தது இரும்புப் பல்சக்கரம். பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வந்து மாட்டி, தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். மாவு மில் நடந்து வருவது போல ஒரு சத்தம். எதிர் வீட்டு ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, அதைத் தேடிப் பிடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. தெருவில் எனக்கு மில்லு பாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் நைலான் கட்டையில் கடைந்தோம். பல்லைச் சாய்வாக வெட்டினோம். மோட்டாரை ஒட்டிய முதல் சுற்றுக்குப் பல்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட் போட்டோம். எட்டு மாதத்தில் எத்தனை முறை பெரம்பலூர் பஸ் ஏறினேன் என்று கணக்கில்லை. மடியில் துணிப் பையில் பல்சக்கரம், ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் கொல்லை. லேத்துக்காரர் என் தலையைக் கண்டதும் டீ சொல்லிவிடுவார். இருவரும் ஒரு பல்லின் சரிவைப் பற்றி அரை நாள் சண்டை போடுவோம். திரும்பி வந்து மாட்டிப் பார்த்து, சரியில்லை என்று மறுநாள் மறுபடி கிளம்புவேன். இப்போது நினைத்தால், வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த எட்டு மாதம்தான்.

ஒரு நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஓட்டிப் பார்த்தேன். டயர் ரோட்டில் உருள்கிற சத்தம்தான் கேட்டது. மோட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை. பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

எங்கள் தெருவுக்கு உப்பு விற்க ஓர் அம்மா வருவார். அகரம்சீகூர்ப் பக்கத்திலிருந்து, செத்துப்போன கணவரின் சைக்கிளில் கல்லுப்பு மூட்டை வைத்துக்கொண்டு வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நான் அக்கா என்பேன். நான் ஊருக்கு லீவில் வந்துபோன காலத்திலிருந்தே அவர் வந்துகொண்டிருந்தார். அந்த வருடம் நடுவில் மூன்று மாதம் வரவில்லை. பிறகு வந்தபோது முகம் பாதியாகியிருந்தது. மனைவிதான் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாம் மச்சான். இனிமே பாரம் தள்ளவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மக திருப்பூருக்கு வந்துருன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இது மாட்டேங்குது. தள்ள முடியாமப் போனா அங்க போயித்தான் ஆவணும்னு சொல்லி அழுவுது."

சொல்லிவிட்டு அவளே கேட்டாள், கொட்டகையில் இருக்கிறதே, அதில் ஒன்றை இந்த வண்டிக்கு மாட்டினால் என்ன என்று. எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. அதே நேரம் உள்ளுக்குள் ஒரு குஷியும் கிளம்பிவிட்டது. நான் செய்த மோட்டாருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல், பிரேக்கும் துருவும் பார்த்துத் தருகிறேன் என்று சைக்கிளை இரண்டு நாளைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். மூட்டையெல்லாம் இறக்கி வெறும் சைக்கிளாகத்தான் கொட்டகைக்கு வந்தது. மோட்டார் மாட்டினேன். வலது கைப்பிடியில் பைக்கில் இருப்பது போல, திருகினால் வேகம் கூடும் முறுக்கு வைத்தேன். சீட்டுக்குப் புது உறைகூடப் போட்டேன். மூன்றாம் நாள் அவர் வரும் நேரத்துக்கு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். மில்லு பாய் என்று சிரித்தவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

அவர் வந்தார். நான் விளக்கமாகச் சொன்னேன், இனி மூச்சு வாங்க வேண்டாம், மேட்டிலும் மிதிக்க வேண்டாம் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஆட்டோவில் கொண்டுவந்திருந்த உப்பு மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஒரு மூட்டை கேரியரில். இன்னொன்று, எப்போதும் வைப்பது போல, நடுக் கம்பிகளுக்கு இடையில், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு. ஏற்றி முடித்ததும் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப நான் எங்க காலப் போட்டு ஒக்கார்றது பாய்?"

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சங்கடமாகிவிடுமே என்று மெதுவாகச் சொன்னார், மூட்டை இல்லாவிட்டாலும் தனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, வீட்டுக்காரர்தான் ஓட்டுவார், தனக்குத் தள்ள மட்டும்தான் தெரியும் என்று. உப்பு வண்டியை யாரும் ஓட்டுவதில்லை. எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது அதைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன், சைக்கிள் என்றால் ஏறி மிதிப்பது என்று நினைத்து எட்டு மாதம் உழைத்திருக்கிறேன்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் தோற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் என்ன அக்கா, தள்ளும்போதே இந்த முறுக்கைத் திருகுங்கள், தானாகப் போகும் என்று சொல்லிவிட்டேன்.

தள்ளுகிறவர் சைக்கிளுக்கு இடது பக்கம் நிற்பார். முறுக்கு இருந்தது வலது கைப்பிடியில். அவர் மூட்டைக்கு மேலே குனிந்து, கையை எட்டி நீட்டித் திருகினார். சாலையில் ஓடுகிற வேகத்துக்கு நான் அமைத்த மோட்டார் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. வண்டி இழுத்ததும் பயத்தில் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்தார். இறுகப் பிடித்ததில் முறுக்கு இன்னும் திரும்பியது. என் அமைப்பில் மோட்டார் சுற்றினால் பெடலும் கூடவே சுற்றும். மிதிக்கிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நடக்கிறவருக்கு இரும்பு பெடல் முழங்காலுக்குக் கீழே வந்து அடிக்கும். அடித்தது. அவர் அப்படியே உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். வண்டி பத்தடி ஓடிச் சாக்கடையில் சாய்ந்தது, ஒரு மூட்டை உப்பு தண்ணீரில் போனது.

அவர் அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி அப்படியே இருந்தார். யா அல்லாஹ், தையலுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மனைவி ஓடிவந்து அவரைத் தாங்கி, அதே ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்னை வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள், உள்ளே எதுவும் ஆகவில்லை, காலில்தான் காயம், ஒரு வாரம் நடமாடக் கூடாதாம் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "அவங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மச்சான்?"

அந்த வாரம் கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. அவர் மகள் திருப்பூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கூட்டிப்போய்விடுவாள், அதற்குக் காரணம் நான் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டு வருவோம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

தெருக்காரர்கள் சாக்கடையிலிருந்து தூக்கி அன்றே கொண்டுபோய் விட்டிருந்த சைக்கிள் வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்ததும், வேண்டாம் என்று கையைத் தடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், சைக்கிளில் பெடல் இரண்டும் இல்லை. பெடல் மாட்டுகிற இரும்புக் கையோடு சேர்த்துக் கழற்றியாகிவிட்டது. ஒன்று கதவுக்கு முட்டாகக் கிடந்தது.

"நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. வேற வேல? ஸ்டாண்டு போட்டு வச்சு முறுக்கி முறுக்கிப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். மோட்டாரு நல்லாத்தான் சுத்துது பாய். பெடலுதான் நமக்கு எதுக்கு? சைக்கிள் கடைக்காரர வரச் சொல்லிக் கழட்டிட்டேன். அந்தாளு சிரிக்கிறாரு, பெடலு இல்லாம சைக்கிளான்னு."

ராத்திரியெல்லாம் நான் யோசித்துக் கைவிட்டிருந்த வழி வேறு. பெடல் மட்டும் சுற்றாமல் நிற்க உள்ளே ஒரு தனி அமைப்பு, அதற்கு லேத்தில் இரண்டு மாத வேலை. அவர் ஸ்பேனர் பிடித்த ஆளைக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். புடவையைக் கொஞ்சம் தூக்கி வலது காலைக் காட்டினார். என் மோட்டார் அடித்த புதுக் காயத்துக்குக் கீழே பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. மோட்டார் இல்லாத காலத்திலேயே, வளைவில் திருப்பும்போதும் பின்னால் இழுக்கும்போதும் அந்த பெடல் அவரை வருடக்கணக்காக இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மகளும் அங்கே இருந்தாள். என்னை முறைத்துக்கொண்டே காபி வைத்தாள். அவளிடம் அம்மா ஒரு வாய்தா வாங்கியிருந்தார். பாய் இதைச் சரிபண்ணி, வயிறு நோகாமல் ஒரு நாள் முழுக்கத் தெரு சுற்றிவிட்டால் தான் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் போவது.

இந்த முறை கேட்டேன். என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சொன்னால் உங்களுக்குப் புரியாது, ஒரு நாள் தள்ளிப் பாருங்கள் என்றார்.

மறுநாள் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு மூட்டை உப்போடு நான் சைக்கிளைத் தள்ளினேன். அவர் பின்னால் மெதுவாக ஆட்டோவில் வந்து, தெருமுனைகளில் இறங்கி நின்று குரல் கொடுத்தார். "உப்போய்" என்றதும் ஒரு கதவு திறக்கும். நிறுத்த வேண்டும். படியில் அளந்து போட வேண்டும். மறுபடி கிளப்ப வேண்டும். நாலு வீடு தள்ளி மறுபடி நிறுத்த வேண்டும். ஐம்பது முறை கிளப்பியதுவரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் பாரமே தெரியவில்லை. நின்ற வண்டியை அசைக்கும் அந்த முதல் தள்ளுதான் அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. எனக்கே இழுத்தது.

எங்கள் தெருவுக்கு வந்தபோது என் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பினேன். என் தொண்டையிலிருந்து ஒரு முக்கல் வந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அப்போதுதான் காதில் விழுந்தது. உடனே தெரிந்துவிட்டது, இது எனக்கு ஏற்கனவே தெரிந்த சத்தம். இதே வாசலில் இதே இடத்தில் அந்த அம்மா உப்பு அளந்துவிட்டு வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் வந்த சத்தம். கொட்டகைக்குள் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு மோட்டாரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பத்தடி தள்ளி ஒரு மனுஷி முக்குவது கேட்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக் கையோடு துடைத்து எரிச்சல் வேறு.

அவரிடம் திரும்பி, கிளப்புறதுதான் வலிக்கிறதா அக்கா என்றேன். "அதத்தான் பாய். ஓட ஆரம்பிச்சா வண்டியே போவும். என் நடைக்கு வரணும், நான் நின்னா அதுவும் நிக்கணும். வேற என்ன?"

பதினைந்து நாளில் மாற்றிக் கொடுத்தேன். வேகம் குறைந்து இழுவை கூட, முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்கினேன். வலது பக்க முறுக்கை எடுத்துவிட்டு இடது கைப்பிடியில் ஒரு பட்டன் வைத்தேன். அமுக்கினால் மெதுவாக முதல் தள்ளு, பிறகு நடக்கிற வேகம், விட்டால் நின்றுவிடும். உப்புத் தண்ணீர் சொட்டும் என்று அவரே சொல்லி, மோட்டாருக்கு லாரி டியூபில் ஓர் உறையும் தைத்துக் கொடுத்தார்.

மகள் ஊருக்குப் போகாமல் காத்திருந்து, அம்மாவோடு அந்த முழுச் சுற்றும் நடந்தாள். எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். மனைவி போய் உப்பு வாங்கினாள். அளந்து போட்டுவிட்டு, படியைச் சாக்கில் செருகிவிட்டு, அவர் கட்டை விரலால் பட்டனை அமுக்கினார். வண்டி அவர் நடைக்கு நகர்ந்தது. அப்போது அவர் என் மனைவியிடம் ஏதோ கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நடுவில் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. தெருவில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் மட்டும் நின்று, எங்கள் ஜன்னலைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பேத்தி பிறந்தபோது, யாரும் கூப்பிடாமல் அவராகவே திருப்பூருக்குக் கிளம்பினார். இப்போது எனக்குப் பெரம்பலூரில் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. மிதிக்கிற வண்டிக்கும் மாட்டுகிறேன், தள்ளுகிற வண்டிக்கும் மாட்டுகிறேன், கீரைக்காரர், பாத்திரக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. மோட்டார் நன்றாக இருக்கிறது, சத்தமே இல்லை என்று வருகிறவர்கள் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கொட்டகை நாட்களை நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறதே என்ற வெட்கமும், கேட்கும் வரை அவர் பொறுத்திருந்தாரே என்ற நன்றியும் ஒன்றாகத்தான் வருகின்றன.